கே.பி. சுந்தராம்பாள் வாழ்க்கை, ஒரே நடிகை, ஒன்றரை மணி நேரம்: தேறுமா?

வாசகர் கேள்வி, ஜூன் 3

நாடகப் பாடகி கே.பி.எஸ். வாழ்க்கையை ஒரு நடிகை தனியாக நின்று நடிக்கப் போகிறார், நீங்கள்தான் எழுதுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். தேறாது சார். ஒன்று பாட்டுக் கச்சேரி ஆகிவிடும், இல்லையென்றால் புருஷன் கிட்டப்பா போனதும் ஒப்பாரி ஆகிவிடும். கூட நடிக்க ஆள் இல்லாமல் நாடகம் ஏது?

ஜூன் 3, இரவு

கூட ஆள் இல்லாமல் நாடகம் ஏதா? பாட்டும் பேச்சுமாகப் புராணக் கதை சொல்லும் கதாகாலட்சேபத்தைப் பத்துப் பேர் சேர்ந்தா செய்தார்கள்? ஒரே ஆள். கழுத்தை இந்தப் பக்கம் திருப்பினால் தசரதன், அந்தப் பக்கம் திருப்பினால் கைகேயி. சி. சரஸ்வதி பாய் அந்த மேடையில் ஏறியபோது, பொம்பளை கதை சொல்வதா என்று எதிர்த்தார்களே தவிர, தனியாள் என்று யாரும் எதிர்க்கவில்லை. கேரளத்து நங்கியார் கூத்திலும் ஒரு பெண் தனியாக நின்றுதான் எல்லாப் பாத்திரமும் ஆகிறாள். இது வெள்ளைக்காரன் கொடுத்த வடிவம் என்று நினைத்துக்கொண்டு பயப்பட வேண்டாம்.

கச்சேரி ஆகிவிடும் என்று சொன்னீர்களே, அதைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன். அது நியாயமான பயம்.

ஜூன் 4

சபாவில் உட்காரும் ஆள் எதற்கு வருவார்? ஔவையார் வேடத்தில் கோல் ஊன்றி, கையை உயர்த்தி, முருகனைக் கூப்பிடும் அந்தக் குரலுக்கு. ‘திருவிளையாடல்’ வந்தது 1965-ல். அப்போது அவருக்கு 57 வயது இருக்கும். நம் தலைமுறைக்குக் கே.பி.எஸ். என்றாலே கிழவிதான். இளமையில் அவர் எப்படி இருந்தார் என்று கேட்டால் பாதிப் பேருக்குப் படம்கூட மனதில் வராது.

அந்தப் பாட்டை எங்கள் நடிகை மேடையில் பாடினால் என்ன ஆகும்? அடுத்த நிமிஷம் ஜனங்கள் ஒப்பிட ஆரம்பித்துவிடுவார்கள். எப்படிப் பாடினாலும் தோல்விதான். நன்றாகப் பாடினால் ‘பரவாயில்லை, கிட்டத்தட்ட’ என்பார்கள். அந்தக் ‘கிட்டத்தட்ட’வுக்குப் பிறகு நாடகம் எழுந்திருக்காது.

ஆகவே என் முதல் முடிவு: யாருக்கும் மனப்பாடமான பாட்டு ஒன்றுகூட இந்த நாடகத்தில் கிடையாது. சபாச் செயலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தேதி போய்விடும்.

ஜூன் 4, பிற்பகல்

சேலத்திலிருந்து ஒரு வாசகர், ‘ஔவையார்’தானே அவருடைய முதல் படம், அங்கிருந்து தொடங்கலாமே என்கிறார். இல்லை ஐயா. ‘ஔவையார்’ 1953. ஜெமினி வாசன் எடுத்தது, கொத்தமங்கலம் சுப்பு இயக்கியது. முதல் படம் ‘பக்த நந்தனார்’, 1935. இடையில் ‘மணிமேகலை’ 1940. அதற்கெல்லாம் முன்பே, படம் பேசத் தொடங்கும் முன்பே, அவர் நாடக மேடையில் பெரிய பெயர். சினிமா அவரைத் தேடி வந்தது. அவர் சினிமாவைத் தேடிப் போகவில்லை.

ஜூன் 6

கிட்டப்பா விஷயம்.

யாரிடம் கே.பி.எஸ். கதை சொல்லச் சொன்னாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். 1908-ல் கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார், சின்னப் பிள்ளையாக ரயிலில் பாடினார், நாடகக் கம்பெனியில் சேர்ந்தார், கொழும்பில் செங்கோட்டை கிட்டப்பாவோடு மேடையேறினார், காதல், கல்யாணம், பிரிவு, 1933 டிசம்பரில் கிட்டப்பா மரணம், வெள்ளைச் சேலை. அதோடு கதை சொல்பவரின் குரல் தழுதழுத்துவிடும். பிறகு ஒரே மூச்சில் ‘அப்புறம் ஔவையார், அப்புறம் பத்மஸ்ரீ, 1980-ல் காலமானார்’.

கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27, இந்த அம்மாளுக்கு 25. அதன் பிறகு அவர் 47 வருஷம் வாழ்ந்தார். கிட்டப்பாவோடு இருந்தது மொத்தம் ஆறேழு வருஷம், அதிலும் பாதி மனஸ்தாபம். அந்த ஆறேழு வருஷத்தை ஒரு மணி நேரம் நடித்துவிட்டு 47 வருஷத்தைப் பத்து நிமிஷத்தில் முடிப்பது என்ன கணக்கு? தன் பணத்தைத் தானே பார்த்துக்கொண்டவர், தேர்தல் மேடைகளில் காங்கிரசுக்காகப் பாடியவர், சட்ட மேலவைக்குப் போனவர், அறுபது வயதில் ‘துணைவன்’ படத்துக்காகத் தேசிய விருது வாங்கிய பாடகி. இவரையா விதவை என்ற ஒரே கட்டத்துக்குள் அடைப்பது?

என் நாடகம் தொடங்குவதே 1933-க்குப் பிறகுதான். முந்தையதெல்லாம் நினைவாகத்தான் வரும்.

ஜூன் 6, இரவு

“காதலை வெட்டிவிட்டால் டிக்கெட் விற்காது” என்று ஒரு நண்பர். வெட்டவில்லை. கிட்டப்பா வருவார், மனிதராக வர மாட்டார். விளக்குகிறேன்.

‘வள்ளி திருமணம்’ பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் உயிர்நிலை தர்க்கம். வேலன் ஒரு பாட்டில் மடக்குவான், வள்ளி அதே மெட்டில் திருப்பி அடிப்பாள். எழுதி வைத்த வசனம் கொஞ்சம், மேடையில் அந்த நேரத்தில் முளைப்பது நிறைய. கிட்டப்பாவும் இவரும் அதில்தான் ஊரைக் கட்டிப் போட்டார்கள். தனியாள் நாடகத்தில் தர்க்கத்தை எப்படிச் செய்வது? நடிகையே இரண்டு குரலில் பாடினால் மிமிக்ரி ஆகிவிடும். எங்கள் முடிவு: வேலனுடைய அடியை ஆர்மோனியம் மட்டும் வாசிக்கும், சொல் இல்லாமல். வள்ளி அதற்குச் சொல்லோடு பதில் சொல்வாள். பிறகு ஒரு இடத்தில் ஆர்மோனியம் பதில் சொல்லாமல் நின்றுவிடும். அவள் அடுத்த அடியையும் எடுப்பாள், காத்திருப்பாள், மறுபடி எடுப்பாள். கிட்டப்பாவின் சாவு அவ்வளவுதான். அழுகை கிடையாது.

ஆர்மோனியக்காரர் புதுக்கோட்டைப் பக்கத்தில் ஸ்பெஷல் நாடகங்களுக்கு வாசிக்கிறவர். விஷயத்தைச் சொன்னதும், “நான் நிப்பாட்டிட்டா ஜனங்க நான் தூங்கிட்டேன்னு நெனப்பாங்களே தம்பி” என்றார். ராத்திரி பத்துக்குத் தொடங்கி விடியும்வரை வாசிக்கும் ஆள். அவர் கவலை அவருக்கு.

ஜூன் 9

கொழும்பிலிருந்து ஒரு வாசகி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: கொழும்பு மேடையைக் காட்டுவீர்களா, அல்லது வழக்கம்போல ஒரு வரியில் கடந்துவிடுவீர்களா?

அக்கா, காட்டுகிறேன். அந்தக் காலத்து நாடகக்காரர்களுக்குக் கொழும்பு, யாழ்ப்பாணம் எல்லாம் மதுரை, தஞ்சாவூர் மாதிரிதான். கப்பல் ஏறிப் போவார்கள், சீசன் முடித்து வருவார்கள். இந்த அம்மாள் அங்கே ஏற்கெனவே கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தபோதுதான் கிட்டப்பா வந்து சேர்கிறார். நம் ஆட்கள் கதை சொல்லும்போது அது தலைகீழாகிவிடும், ஏதோ கிட்டப்பா அவரைக் கண்டெடுத்த மாதிரி. ‘அந்தப் பொண்ணு பாட்டுக்கு முன்னால நிக்க முடியாது’ என்று கிட்டப்பாவைத்தான் பயமுறுத்தினார்களாம். இந்த ஒரு வதந்தியை வைத்துக்கொண்டு ஏழு நிமிஷக் காட்சி எழுதியிருக்கிறேன்.

ஜூன் 10

கடிதங்கள். கிட்டப்பாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அச்சில் வந்திருக்கின்றன, தேடிப் படியுங்கள். ஏக்கமும் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. நாடக எழுத்தாளனுக்கு இதைவிடப் பெரிய கொடை வேறு என்ன? தனியாள் நாடகத்தில் மிகச் சுலபமான உத்தி, நாற்காலியில் உட்கார்ந்து கடிதம் படிப்பதுதான். எழுதியே முடித்தேன், பத்துப் பக்கம்.

வாசித்துப் பார்த்தோம். நடிகை நன்றாகத்தான் படித்தாள். எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது. பெட்டிக்குள் இருந்த கடிதம். ஒரு மனுஷனுக்கு எழுதியது. அதை முந்நூறு பேர் முன்னால் உச்சுக்கொட்ட வைக்கப் படிப்பதா? நடிகையிடம் கேட்டேன். “என் போனைப் பிடுங்கி நீங்க சத்தமாப் படிச்சா நான் விடுவேனாண்ணே?” என்றாள். பத்துப் பக்கமும் போச்சு. இப்போது ஒரு காட்சியில் அவர் கடிதம் எழுதுகிறார், நமக்குக் கேட்பது பேனா கீறும் சத்தமும், நடுநடுவே “இது வேண்டாம்” என்று அடிப்பதும்தான். என்ன எழுதினார் என்று தெரிய வேண்டியவர்கள் புத்தகம் வாங்கிக்கொள்ளட்டும்.

ஜூன் 13

அமெரிக்காவில் இருக்கும் ஒரு வாசகர், நடிகை கேதரின் ஹெப்பர்ன் பற்றிய தனியாள் நாடகத்தைப் பார்க்கச் சொல்கிறார். தெரியும். ‘டீ அட் ஃபைவ்’, மாத்யூ லொம்பார்டோ எழுதியது, 2002-ல் ஹார்ட்ஃபோர்டில் கேட் மல்க்ரூ நடித்தார். அதில் எனக்குப் பிடித்தது அதன் கஞ்சத்தனம். முழு வாழ்க்கை இல்லை, இரண்டே பொழுது. முதல் பாதி 1938 செப்டம்பர். தியேட்டர்காரர்கள் அவரை ‘பாக்ஸ் ஆபீஸ் விஷம்’ என்று ஒதுக்கிய வருஷம், பெரிய வேடம் ஒன்று கிடைக்குமா என்று கடலோர வீட்டில் காத்திருக்கிறார், வெளியே புயல் வருகிறது. இரண்டாம் பாதி 1983, கார் விபத்தில் கால் உடைந்த கிழவி. அதே வீடு, அதே தேநீர் நேரம். நடுவில் 45 வருஷத்தை நம் தலையில் விட்டுவிடுகிறார்கள்.

2019-ல் பாஸ்டனில் ஃபே டனவே நடித்தபோது இளமைப் பாதியையே எடுத்துவிட்டுக் கிழவியை மட்டும் வைத்தார்கள். பிராட்வேக்குப் போகும் முன்பே அவரை நீக்கிவிட்டார்கள், அது வேறு கதை. தனியாள் நாடகத்தில் ஆளை மாற்றினால் நாடகமே இல்லை, சைடு ரோல்காரர் சமாளிப்பார் என்று ஓட்ட முடியாது. எங்கள் நடிகைக்கு இருமல் வந்தாலே எனக்குக் காய்ச்சல் வருகிறது.

ஜூன் 14

‘இரண்டே பொழுது’ என்பது ராத்திரியெல்லாம் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. கே.பி.எஸ்.ஸுக்கு எந்தப் பொழுதை எடுப்பது? பட்டியல் போட்டுப் பார்த்ததில் ஒன்று கவனித்தேன். அவரைப் பற்றி ஊர் சொல்லும் நல்ல கதைகள் எல்லாமே பேரம்.

முதல் பேரம் ‘நந்தனார்’. படத்தில் நடிக்கக் கூப்பிட்டு வருகிறார்கள். இவருக்கு இஷ்டமில்லை. ஆளைத் துரத்த ஒரு லட்சம் ரூபாய் கேட்கிறார். 1935-ல் ஒரு லட்சம்! வந்தவர் சரி என்றுவிட்டார். அதோடு கிட்டப்பாவுக்குப் பிறகு வேறு ஆணோடு ஜோடியாக நடிப்பதில்லை என்ற வைராக்கியம் வேறு. அதற்கு வழி? இவரே ஆண் வேடம். நந்தனாராக இவர், வேதியராக மகாராஜபுரம் விசுவநாத ஐயர். படம் ஓடவில்லை. மனிதர்களைவிடப் பனைமரமும் எருமையும் ஆட்டுக்குட்டியும் நன்றாக நடித்திருப்பதாக எழுத்தாளர் கல்கி விகடனில் கிண்டலடித்தார் என்பார்கள். ஆனால் பணம் வந்துவிட்டது.

இரண்டாவது பேரம் காந்தியோடு. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அவரைக் கொடுமுடி வீட்டுக்கு அழைத்து வருகிறார். தங்கத் தட்டில் சாப்பாடு பரிமாறுகிறார் இந்த அம்மாள். சாப்பிட்டு முடித்த காந்தி, சாப்பாடு மட்டும்தானா, தட்டு இல்லையா என்கிறார். தட்டும் போகிறது.

மூன்றாவது ‘பூம்புகார்’, 1964. கருணாநிதி வசனம். சிலப்பதிகாரத்துச் சமணத் துறவி கவுந்தியடிகளாக நடிக்க வேண்டும். தெய்வம் எங்கே போயிற்று என்று கேட்கிற மாதிரி ஒரு பாட்டு வரி. முருக பக்தை, வாயால் அதைச் சொல்ல மாட்டேன் என்கிறார். எழுதியவர் நாத்திகர், அவர் மனதுக்கும் ஒத்துவர வேண்டும். கடைசியில் தெய்வம் வந்துவிட்டது என்ற பொருளில் வரி மாறுகிறது. இருவரில் யார் தோற்றார் என்று சொல்ல முடியாத பேரம். எனக்கு மூன்றில் இதுதான் ருசி.

மூன்றிலும் எதிரே ஒரு ஆண், பெரிய ஆள். மூன்றிலும் இவர் தன் நிபந்தனையோடுதான் உட்காருகிறார். தனியாள் நாடகத்துக்கு இதைவிடத் தோதான சரக்கு கிடையாது. எதிராளியைக் காட்டவே வேண்டாம், டெலிபோனில் ஒரு பக்கம் கேட்கிற மாதிரி இவர் பேச்சு மட்டும் போதும். காந்திக்கு நீட்டிய ஒரு கை. அவ்வளவுதான்.

ஜூன் 14, சற்றுப் பிறகு

இந்தக் கதைகளெல்லாம் அப்படியே நடந்தவையா என்று கேட்காதீர்கள். வாய்வழியாக வந்தவை, ஒவ்வொருவர் வாயில் ஒவ்வொரு மாதிரி. நாடகத்திலும் அப்படியே வைத்திருக்கிறேன். தங்கத் தட்டுக் கதையை அவர் இரண்டு முறை சொல்வார். இரண்டாவது முறை தட்டு கொஞ்சம் பெரிதாகியிருக்கும்.

ரயிலில் பாடிய கதைக்கும் இதே வைத்தியம். அந்தக் குழந்தையை முதலில் கண்டுபிடித்தது யார் என்பதற்கு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். நாடகத்தில் பெயரே கிடையாது. பசித்த குழந்தை, பெட்டி மாறிப் பாடுகிறாள், ஒருத்தர் திரும்பிப் பார்க்கிறார். யாராக இருந்தால் என்ன?

ஜூன் 17

சேலை பற்றி ரொம்பப் பேர் கேட்டுவிட்டார்கள். முதல் பாதி பட்டுச்சேலை, கிட்டப்பா இறந்ததும் விளக்கை அணைத்து வெள்ளைச் சேலை, சரிதானே என்று. அதைத்தான் எல்லாரும் செய்வார்கள். எங்கள் நடிகை முதல் நிமிஷத்திலிருந்து வெள்ளைதான். நெற்றி நிறையத் திருநீறு. வள்ளியாக ஆடும்போதும் அதே வெள்ளை. விக் கிடையாது, கிழவிக்கு நரை பூசுவது கிடையாது. வயது இடுப்பிலும் நடையிலும் தெரிந்தால் போதும். வேடம் கட்டினால் வேடத்தைத்தான் ரசிப்பார்கள்.

விளக்கு நான்தான் போடுகிறேன், அதனால் ஒரு வார்த்தை. மரண அறிவிப்புக்கு நீலம், கோபத்துக்குச் சிவப்பு என்று போடச் சொல்லி ஒரு பழைய சிநேகிதர் தினமும் போன் செய்கிறார். அண்ணே, உங்களுக்குக் கோயில் திருவிழா சீரியல் செட்டுக்காரர்தான் சரி.

ஜூன் 21

குரல். தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

நம்மிடம் இருக்கும் அவருடைய இளமைக் குரல், பழைய கிராமபோன் தட்டுகளில் இருப்பது. ஒரு பக்கம் மூன்று நிமிஷம் சொச்சம்தான் ஓடும். அதற்குள் விருத்தம், பல்லவி, சரணம் எல்லாம் அடக்க வேண்டும், குதிரை ஓட்டம்தான். மேடையில் அதே விருத்தத்தை, தாளக் கட்டில்லாத பாட்டுதானே, கால் மணி நேரம் இழுத்திருப்பார், ஒன்ஸ்மோர் கேட்டால் இன்னொரு கால் மணி. அது எந்தத் தட்டிலும் இல்லை. கேட்டவர்களும் போய்விட்டார்கள். அவர் மேடையில் எப்படிப் பாடினார் என்பது உண்மையில் யாருக்குமே தெரியாது.

இது வசதியாகவும் இருக்கிறது. சினிமாப் பாட்டை ஒப்பிடலாம், மேடைப் பாட்டை யாரோடு ஒப்பிடுவார்கள்? அதனால் பாட்டு வேண்டாம் என்ற முடிவைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். சினிமாப் பாட்டு கிடையாது, அதில் மாற்றமில்லை. ஆனால் ‘வள்ளி திருமணம்’ எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகப் பாட்டு இருக்கும். சுவாமிகள் 1922-ல் காலமானவர், எழுதியவர் மறைந்து 60 வருஷம்தான் இந்தியாவில் பதிப்புரிமை, அதனால் யாருக்கும் கப்பம் கட்ட வேண்டியதில்லை. (கணக்குப் பிள்ளை சந்தோஷப்படுவார்.)

அதையும் மைக் இல்லாமல் பாட வேண்டும் என்கிறேன் நான். அந்தத் தலைமுறை கொட்டகையின் கடைசித் தரை டிக்கெட் வரைக்கும் வெறும் தொண்டையால் எட்டினார்கள். குளிரூட்டிய சபாவில் காலர் மைக் குத்திக்கொண்டு அதைக் காட்ட முடியாது. நடிகை ஒத்துக்கொண்டாள். கிராமத்து நாடகங்களில் வளர்ந்த தொண்டை, பயம் இல்லை. ஆனால் சபா ஏ.சி.யின் உறுமலை என்ன செய்வது? பத்து நிமிஷம் அணைத்து வைக்கக் கேட்டிருக்கிறேன். ஜூலை மாதம், சென்னை. பதில் வரவில்லை.

ஜூன் 22

“பாட்டே பாடாமல் கே.பி.எஸ்.ஸா என்று ஜூன் 4-ல் கேட்க நினைத்தேன், இப்போது நீங்களே இறங்கி வந்துவிட்டீர்கள்” என்று முதலில் கேள்வி கேட்ட அதே வாசகர். இறங்கித்தான் வந்திருக்கிறேன். கச்சேரி மேடைவரைக்கும் இறங்கவில்லை.

ஜூன் 26

நேற்று முழு ஒத்திகை. ஒரு மணி 40 நிமிஷம் ஓடியது, பத்து நிமிஷம் அதிகம். எதை வெட்டுவது என்று சண்டை. நான் மேலவைக் காட்சியை வெட்டலாம் என்றேன். அங்கே பெரிதாக நாடகம் ஒன்றும் இல்லை, ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்து ஆண்கள் பேசுவதைக் கேட்கிறாள். நடிகை விடவில்லை. “அண்ணே, எங்க ஊர்ல நாடகக்காரின்னா இன்னிக்கும் வீடு வாடகைக்குக் குடுக்க யோசிப்பாங்க. ஒரு நாடகக்காரி சட்டசபையில நாற்காலி போட்டு உக்காந்தா, அதை எப்படி வெட்டுவீங்க?”

வெட்டவில்லை. அவள் அந்தக் காட்சியில் உட்காரும் விதமே வேறு. முதுகு நாற்காலியில் படவே படாது. நான் எழுதியதில் அது இல்லை.

வெட்டியது கொழும்புக் காட்சியில் மூன்று நிமிஷம் (மன்னியுங்கள் அக்கா, நாலு நிமிஷம் மிச்சம் இருக்கிறது), எருமை ஜோக் மொத்தமும். ஜோக் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது கல்கியின் வெற்றி, இவருடையது இல்லை.

ஜூன் 27

மகாபலிபுரம் சாலைப் பள்ளி ஒன்றில் படிக்கும் பையனுக்கு ‘தனிநடிப்பு’ப் போட்டியாம், இந்த நாடகத்திலிருந்து ஒரு காட்சி கேட்டு அவன் அப்பா எழுதியிருக்கிறார். ‘பூம்புகார்’ காட்சியை அனுப்பியிருக்கிறேன். பையன் கே.பி.எஸ்.ஸாக நடிப்பதில் தப்பே இல்லை. அவர் நந்தனாராக நடித்தாரே.

ஜூன் 30

சபாச் செயலாளர் பேசினார். தனியாள் என்பதில் அவருக்கு ஏக சந்தோஷம், வேன் வாடகை இல்லை, சாப்பாட்டுப் பொட்டலம் மூன்றே மூன்று. சினிமாப் பாட்டு இல்லை என்றதும் நீண்ட மௌனம். பிறகு, “இடைவேளை எப்போ?” என்றார்.

இடைவேளை கிடையாது என்றேன். எங்கே விட்டாலும் ஜனங்கள் அதற்கு முன்னால் ஒரு கதை, பின்னால் ஒரு கதை என்று பிரித்துக்கொள்வார்கள். கேன்டீன்காரர் போண்டா போட்டு வைத்துவிட்டுக் காத்திருப்பாரே என்கிறார். ஏ.சி.யை அணைக்க ஒத்துக்கொண்டால் இடைவேளையைப் பற்றி யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை மறுபடி கூப்பிடுகிறாராம்.